மாண்ட்ரியல் 1992: சொதப்பினது தீயா, ஆக்ஸல் ரோஸா?

கழுகுமலை ரிஃப்:
கன்ஸ் அண்ட் ரோஸஸ் ராக் பேண்டோட பாடகர் ஆக்ஸல் ரோஸைத் திட்டணும்னா எல்லாருக்கும் முதல்ல வாயில வர்றது கனடாவுல நடந்த மாண்ட்ரியல் கலவரம்தான். 1992 ஆகஸ்ட் 8, ஒலிம்பிக் ஸ்டேடியம். மெட்டாலிகா பேண்டும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் சேர்ந்து போன டூர், அம்பதாயிரத்துக்கு மேல கூட்டம். எனக்கு ஒரே கேள்வி. அன்னிக்கு முதல்ல கோட்டை விட்டது யாரு? மெட்டாலிகாவோட பைரோ (மேடையில தீ பீறிட வைக்கிற) ஏற்பாடுதானே? ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டு நடுவுல அவங்க பாடகரும் கிட்டாரிஸ்ட்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் நிக்கக் கூடாத இடத்துல நின்னார், தீ பீறிட்டு வந்து இடது கை வெந்துபோச்சு. அவங்க செட் அங்கேயே முடிஞ்சது. பழி மட்டும் பின்னால வந்தவனுக்கு. என்னங்க நியாயம் இது?

பாரிஸ் கார்னர்:
சரியான நியாயம்தான். ஒருத்தர் கை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போறதும், இன்னொருத்தர் தொண்டை வலிக்குதுன்னு நடையைக் கட்டுறதும் ஒண்ணா தல? ஹெட்ஃபீல்டுக்கு ரெண்டாம் டிகிரி, மூணாம் டிகிரி தீக்காயம். சனம் அதைப் புரிஞ்சுக்கிட்டு உக்காந்துதான் இருந்தது. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல மேடை காலி. ஒருவழியா வந்த கன்ஸ் அண்ட் ரோஸஸும் செட்டை முடிக்காம இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கார்களைக் கவுத்தது, கடைகளை உடைச்சது, தீ வெச்சது, போலீஸோட மல்லுக்கு நின்னது எல்லாம். எது முந்தி, எது பிந்தின்னு பாருங்க.

அதே ஹெட்ஃபீல்ட் அந்த மாசம் 25ஆம் தேதி ஃபீனிக்ஸ்ல மேடை ஏறிட்டார். கையில கட்டு, கிட்டாரைத் தொட முடியாது. மெட்டல் சர்ச் பேண்டோட ஜான் மார்ஷல் ரிதம் கிட்டார் வாசிக்க, இவர் பாட மட்டும் செஞ்சார். (மார்ஷலுக்கு இது புதுசில்ல. 1986ல ஸ்கேட்போர்டுல விழுந்து இவர் மணிக்கட்டை உடைச்சுக்கிட்டப்பவும் அவர்தான் கைகொடுத்தார்.) ரசிகனுக்கு மரியாதைன்னா அது.

மிக்சர் குமார்:
ரெண்டு பேரும் கூட்டத்துல நின்னுக்கிட்டே சண்டை போடுறீங்க. கொஞ்சம் மேடைக்குப் பின்னாடி வாங்க. கல்யாணக் கச்சேரியிலேருந்து காலேஜ் கல்ச்சுரல்ஸ் வரைக்கும் சவுண்டு போட்டவன் சொல்றேன்.

முந்தின பேண்ட் சீக்கிரம் இறங்கிட்டா அடுத்தவன் உடனே ஏறிட முடியாது. ட்ரம்ஸ் மேடை, ஆம்ப், லைட், மைக் லைன் எல்லாம் ஆளுக்கு ஆள் வேற. நிதானமா மாத்த வேண்டியதை அவசரத்துல மாத்தினா முதல்ல அடிவாங்குறது மானிட்டர், அதாவது மேடையில இருக்கிறவங்களுக்கே அவங்க சத்தத்தைக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர். அன்னிக்கும் அதான். வாசிக்கிறவங்களுக்கே தங்களோட சத்தம் சரியா கேக்கல. 92ல பெரும்பாலும் தரையில சாய்ச்சு வெச்ச வெட்ஜ் ஸ்பீக்கர்தான், இப்ப மாதிரி ஆளாளுக்குக் காதுல சொருகிக்கிட்டு நிக்கல. தன் குரல் கேக்கலைன்னா பாடகன் என்ன செய்வான்? கத்துவான். ஏற்கெனவே புண்ணான தொண்டை. அதனாலதான் அதுக்கு முந்தின சில ஷோக்களையே தள்ளி வெச்சிருந்தாங்க. அந்த நிலைமையில நாலு பாட்டு கத்தினாலே குரல் போயிடும். இது சாக்கு இல்ல, உடம்பு.

ஆனா ரெண்டு மணி நேரத்துக்கும் மேலன்னா, அது மேடை மாத்துற நேரம் மட்டும் இல்ல. அந்தளவுக்கு பாரிஸ் கார்னர் சொல்றது சரி.

மொன்றியல் மச்சான்:
அண்ணைமார், நான் இஞ்ச மொன்றியலில இருக்கிறன். அந்த மைதானம் கொங்கிறீற்றால செய்த பெரிய கிடாரம். ஒரு சத்தம் போட்டா அது சுத்திச் சுத்தித் திரும்பி வரும். அதுக்குள்ள ஆர் பாடினாலும் மானிட்டர் இல்லாமல் கஷ்டம்தான். 1991 செப்டெம்பரில 55 தொன் கொங்கிறீற் உத்திரம் ஒண்டு கழண்டு விழுந்த இடம் அது. 1976 ஒலிம்பிக்குக்கெண்டு பட்ட கடன் 2006இலதான் தீர்ந்தது. அதை விடுவம்.

இஞ்ச கலவரம் வர ஆக்ஸல்தான் தேவையெண்டு சொல்லாதேங்கோ. 1955 மார்ச்சில ஐஸ் ஹொக்கி வீரர் மொரிஸ் ரிஷாருக்குத் தடை போட்டதுக்கு இந்த ஊர்ச் சனம் வீதியில இறங்கிக் கடையளை உடைச்சது. அது கோபம், சரி. 1993 ஜூனில ஹொக்கியில ஸ்ரான்லி கோப்பையை வெண்ட இரவும் உடைச்சவை. வெண்டதுக்கு!

கழுகுமலை ரிஃப்:
மச்சான், உங்க வாயில சர்க்கரை போடணும். ஜெயிச்சாலும் உடைக்கிற ஊர்ல, பாட்டு நின்னதுக்கு உடைச்சதை ஒரு பாடகன் தலையில கட்டுறாங்க.

பாரிஸ் கார்னர்:
அப்போ செயின்ட் லூயிஸ்? அங்கயும் ஹாக்கியா? 1991 ஜூலை 2, அமெரிக்காவுல அந்த ஊரோட ரிவர்போர்ட் திறந்தவெளி அரங்கம். கூட்டத்துல ஒருத்தன் கேமரா வெச்சிருந்தான்னு ஆக்ஸல் மேடையிலேருந்து அவன் மேல பாய்ஞ்சார், திரும்பி வந்தார், செக்யூரிட்டியைத் திட்டினார், போயிட்டார். மேடையே நொறுங்கிச்சு, பல பேருக்கு அடி. கேஸ் நடந்து 1992 நவம்பர்ல குத்தவாளின்னு தீர்ப்பும் வந்தது. பதிமூணு மாசத்துல ரெண்டு ஊர், ரெண்டுலயும் அதே ஆள். ஊர் மேல பழி போட்டா எப்படி? நேரத்துக்கு வராம இருக்கிறது அவருக்கு அந்தக் காலத்துல பழக்கமே.

கழுகுமலை ரிஃப்:
செயின்ட் லூயிஸுக்கு நான் வக்காலத்து வாங்கல, அது அவர் தப்புதான். மாண்ட்ரியல் வேற. நமக்குத் தெரிஞ்ச மாண்ட்ரியல் கதை எங்கேருந்து வந்தது? பாதி மெட்டாலிகாவோட டாக்குமென்டரியிலேருந்து. அதுலதானே ஆக்ஸலுக்கு மேடைக்குப் பின்னாடி என்னென்ன சாப்பாடு வேணும்ங்கிற லிஸ்ட்டை ஹெட்ஃபீல்ட் படிச்சுப் படிச்சுக் கிண்டல் பண்றார்? கேமரா அவங்க பக்கம் இருந்தது. எதிராளி எடுத்த படத்தை சாட்சியா வெச்சு தீர்ப்பு சொல்றோம்.

பாரிஸ் கார்னர்:
கேமரா யார் கையில இருந்தா என்ன, கடிகாரம் பொய் சொல்லுமா? அம்பதாயிரம் பேர் காத்துக் கிடந்ததை மெட்டாலிகா ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச்சா எடிட் பண்ணிச் சேர்த்தார்?

மிக்சர் குமார்:
தீ விஷயத்தை எல்லாரும் ‘விபத்து’ன்னு ஒரே வார்த்தையில தாண்டிப் போறீங்க. எனக்கு அதுதான் உறுத்துது. மேடையில புதுசா பைரோ சேர்த்திருந்தாங்க. புதுசு வந்தாச்சுன்னா பழசு இருக்காதுன்னு நினைச்சு ஹெட்ஃபீல்ட் ஒதுங்கி நின்ன இடத்துலதான் பழசு வெடிச்சது. மேடை வேலையில இதை விடப் பெரிய தப்பு கிடையாது. எங்கே எது வெடிக்கும்னு தரையில டேப் ஒட்டிக் காட்டி, ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டிட்டு நடந்து, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கணும். ரிஃப் ஆரம்பத்துல கேட்டதுக்கு என் பதில் அதுதான், முதல் தப்பு அங்கே. கலவரம் வரைக்கும் இழுத்துட்டுப் போனது மட்டும் ஆக்ஸல்.

கழுகுமலை ரிஃப்:
பாதி ஜெயிச்சேன், போதும். குமாரண்ணே, நீங்களே சொல்லுங்க. மானிட்டர் செத்த மேடையில உங்க பாடகரை எத்தனை பாட்டு பாட விடுவீங்க?

மிக்சர் குமார்:
அது பாடகர் யாருங்கிறதைப் பொறுத்தது. ஆக்ஸல்னா முதல் பாட்டு முடியறதுக்குள்ள நான் மிக்சரை விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன்.