பிரெஞ்சு 'வந்திருப்பேன்': ஒரு சந்தேகம்

வணக்கம். டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். கொந்திசியோனெல் பாஸே (நம் 'செய்திருப்பேன்' போன்ற வினை வடிவம்) அமைப்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது: 'ஜோரே மான்ஷே' என்றால் சாப்பிட்டிருப்பேன், 'ஜ செரே வெனு' என்றால் வந்திருப்பேன். நிபந்தனையைக் காட்டும் 'சி'க்குப் (ஆங்கில if) பின்னால் இது வரக்கூடாது, 'சி ஜாவே சூ' (தெரிந்திருந்தால்) என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் பேசும்போது 'சி ஜோரே' என்றே வாய் போகிறது. பிரெஞ்சுக் குழந்தைகளும் இப்படித்தான் உளறுமாம், அதில் ஓர் ஆறுதல்!

சிக்கல் செய்திகளில்தான். 'ல மினிஸ்த்ர் ஓரே தெமிசியோனே' என்றால் அமைச்சர் 'விலகியிருப்பார்' இல்லையாம். 'விலகிவிட்டதாகக் கூறப்படுகிறது', அதாவது உறுதிப்படாத தகவலாம். 'சி' இல்லாத வாக்கியத்தில் இது வதந்தியா, நடக்காமல் போன காரியமா என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? கேட்டல் பகுதியில் யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. பிரான்சில் இருப்பவர்கள் இரண்டு மூன்று உதாரணம் சொல்லுங்களேன்.