கடலில் நீந்திய மறுநாள் லாப்ரடாரின் வால் தொங்கிவிட்டது, உதவுங்கள்

எங்கள் லாப்ரடார், ஆண், 4 வயது, 32 கிலோ. போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு நீலாங்கரை கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். மே மாத மணல் பாதத்தைச் சுடும் என்று விடியற்காலையிலேயே போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிட்டோம். அலைக்குள் பாய்ந்து பாய்ந்து பந்தை எடுத்து வந்தான், கரையேற மனசே இல்லை. ராத்திரி வரை நன்றாகத்தான் இருந்தான்.

மறுநாள் காலையில் வால் எழும்பவில்லை. அடியில் நாலு விரல் நீளத்துக்கு விறைப்பாக நிற்கிறது, அதற்குக் கீழே ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. அந்த அடிப்பகுதியைத் தொட்டால் முனகுகிறான். உட்காரும்போது ஒருபக்கமாகச் சாய்கிறான். வாசல் கேட் சத்தம் கேட்டால் இடுப்பு மொத்தமும் ஆடுகிறது, வால் மட்டும் ஆடுவதில்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முறிவு இல்லை, தசைப்பிடிப்பு என்று நாய்களுக்கான வலி மருந்து கொடுத்தார், கோர்ஸ் முடிந்துவிட்டது. ஆசனவாய்ச் சுரப்பியும் பார்த்தாயிற்று, பிரச்சினை இல்லை. வெதுவெதுப்பான ஒத்தடம் தினமும் கொடுக்கிறோம், ஓட்டம், விளையாட்டு எல்லாம் நிறுத்தம். மனிதர்கள் போடும் வலி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, அது நாய்க்கு ஆபத்து. சாப்பாடு, சிறுநீர், மலம் எல்லாம் வழக்கம்போல. முனகல் குறைந்திருக்கிறது, ஆனால் வால் இன்னும் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை.

நீந்திய பிறகு உங்கள் நாய்க்கு இப்படி வால் தொங்கி, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால், கடைசியில் எந்தச் சிகிச்சையில் சரியானது?