வீட்டில் பியர் காய்ச்சுவது இன்ஜினீயர் வேலையா, அடுப்படி வேலையா?

ஹைட்ரோமீட்டர் ஹரி:
சான் ஹோசேயில் எங்கள் பியர் குழுவில் பன்னிரண்டு பேர். போன சனிக்கிழமை புதிதாக ஒருவர் சேர்ந்ததால், 'நான் யார், இதில் எப்படி விழுந்தேன்' என்று எல்லோரும் ஒரு சுற்று சொன்னோம். ஒன்பது பேர் இன்ஜினீயர்கள். இது தற்செயல் இல்லை என்பது என் கட்சி. முளைகட்டிய பார்லியை 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் பியர் இலேசாக வரும். 69க்குப் போனால் நாக்கில் கனமாக நிற்கும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் புளிக்கும் முன் 1.050, பின்பு 1.010 என்று காட்டினால் ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம். கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் இரண்டாவது தடவையே கடைக்குப் போய் வாங்கிக் குடித்துவிடுவார்கள்.

மாவுப்பானை:
சான் ஹோசேயில் பன்னிரண்டு பேரைக் கூட்டினால் பூக்கட்டும் குழுவில்கூட ஒன்பது இன்ஜினீயர் இருப்பார்கள், ஹரி சார்.

நான் படித்தது வணிகவியல். மினசோட்டா குளிரில் இட்லி மாவு பொங்காமல், ஓவனுக்குள் (oven) விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பழகியவள். அந்தப் பழக்கம்தான் பியருக்கும் வந்தது. ஈஸ்ட் போட்ட மறுநாள் காலை மூடியருகே காதை வைத்தால் 'ப்ளக், ப்ளக்' என்று காற்று போகும். அந்தச் சத்தத்தின் வேகத்திலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஹைட்ரோமீட்டர் ஹரி:
சத்தத்தை நம்பாதீர்கள் அக்கா. மூடி சரியாக இறுகாவிட்டால் நன்றாகப் புளிக்கும்போதுகூடச் சத்தம் வராது. அப்புறம், அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தைப் பரப்பிய சார்லி பப்பாசியன் படித்தது என்ன? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல்!

மாவுப்பானை:
படித்தது அது. பார்த்த வேலை? கொலராடோவின் போல்டரில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். சாயங்காலம் பெரியவர்களுக்குப் பியர் காய்ச்சும் வகுப்பு. அணு உலைப் பக்கம் போயிருந்தால் 1978இல் அமெரிக்க வீட்டு பியர் சங்கத்தை யார் தொடங்கியிருப்பார்கள்?

பழைய காலன்:
இருவரும் சட்டத்தை மறந்துவிட்டீர்கள். மதுவிலக்கு 1933இல் போனபிறகும் வீட்டில் ஒயின் செய்யலாம், பியர் கூடாது என்றே இருந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு, 1979 பிப்ரவரியில் வீட்டு பியருக்கான அனுமதி நடைமுறைக்கு வந்தது: வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. சாராயம் வடிப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. (ஆனாலும் 'காய்ச்சுகிறேன்' என்று போனில் சொன்னால் ஊரில் என் அம்மா இன்னும் பதறுகிறார்.)

படிப்பைப் பற்றிக் கேட்டால், என் ஆள் கென் கிராஸ்மன். சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். 1976இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் வீட்டு பியர் சாமான் கடை போட்டார். பிறகு பால்பண்ணைகளின் பழைய தொட்டிகளை வாங்கி, தானே வெல்டிங் அடித்து சியாரா நெவாடா பியர் ஆலையைக் கட்டினார். கை வேலை தெரிந்தவன்தான் இதில் நிற்பான்.

ஹைட்ரோமீட்டர் ஹரி:
வெல்டிங் என்றால் அது என் பக்கம்தானே காலன் சார்!

மாவுப்பானை:
எல்லாமே உங்கள் பக்கம்தான். சரி, கராஜில் பாட்டில் வெடித்ததாகப் போன மாதம் எழுதியிருந்தீர்களே, அது எந்தப் பக்கம்?

ஹைட்ரோமீட்டர் ஹரி:
அது... பாட்டிலில் நுரை வரப் போடும் சர்க்கரைக் கணக்கு சரிதான். 19 லிட்டருக்கு 120 கிராம். ஆனால் புளித்து முடியும் முன்பே அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்துவிட்டேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று. ஏழு பாட்டில் போயின. கராஜ் கூரையில் இன்னும் கறை இருக்கிறது. மனைவி அதைத் துடைக்க விடவில்லை, வருபவர்களுக்குக் காட்டுகிறாள்.

மாவுப்பானை:
அப்படியானால் உங்கள் மனைவி என் பக்கம்.

ஹைட்ரோமீட்டர் ஹரி:
விவாதத்தை விடுங்கள், ஒரு சந்தேகம். இப்போது இருப்பதில் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை வருகிறது. அடர்த்தி மூன்று நாளாக 1.012, அசையவில்லை. குளிரூட்டிவிடலாமா?

மாவுப்பானை:
வேண்டாம். பியரை அடியில் படிந்த ஈஸ்ட்டின் மேலேயே விட்டு, 20 டிகிரியில் இன்னும் மூன்று நாள் வையுங்கள். அந்த வாசனையை ஈஸ்ட்டே தின்றுவிடும். தினமும் கொஞ்சம் எடுத்து, இளஞ்சூடாக்கி மோந்து பாருங்கள்.

பழைய காலன்:
மீட்டர் வேண்டாமா அக்கா?

மாவுப்பானை:
இதற்கு மூக்கு போதும்.