ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு மறுவிற்பனை டிக்கெட்: இப்பவே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேன்டன் குமரன் | நவம்பர் 23, 2025, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை 29ஆம் தேதி பகல் 12 மணிக்கு ஆன் ஆர்பரில் மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளின் ஃபுட்பால் ஆட்டம். அப்பா தென்காசியிலிருந்து வந்திருக்கிறார். வயது 69, டிசம்பர் நடுவில் திரும்பிப் போகிறார். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு விதியும் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம் என்று நான் வாய்விட்ட நாளிலிருந்து, "தென்காசி டவுன் மொத்தமும் வந்து உக்காந்தாலும் எடம் மிஞ்சுமாடா?" என்று தினமும் கேட்கிறார்.

பல்கலைக்கழகத்திடம் டிக்கெட் இல்லை. மறுவிற்பனைத் தளங்களில் சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கை, மேல் வரிசையில், ஆளுக்கு 300 டாலருக்கு மேல் போகிறது. நேற்று 20 டாலர் குறைவாக இருந்தது. இப்பவே வாங்குவதா, வெள்ளி இரவு வரை பொறுப்பதா?

மணி டிராய் | நவம்பர் 23

வாங்காதீங்க. மறுவிற்பனை என்று நாகரிகமாகச் சொன்னால் ஆயிற்றா? ஊரில் இதற்கு பிளாக் டிக்கெட் என்றுதான் பெயர். தியேட்டர் வாசலில் லுங்கி கட்டின ஆள் காதோரம் வந்து விலை சொன்னால் முகம் சுளிக்கிறோம். அதே ஆள் இங்கே ஆப் வைத்திருந்தால் கார்டை நீட்டிவிடுகிறோம். முகவிலையை விடப் பல மடங்கு கொடுத்து நீங்கள் வாங்கினால், அடுத்த முறை அவன் இன்னும் ஏற்றுவான்.

பழைய புளூ | நவம்பர் 23

மணி சார், அந்த லுங்கி ஆள் நான்தான்.

11 வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். டிக்கெட் விலை மட்டும் கட்டினால் அந்த இருக்கை கிடைக்காது. இருக்கைக்கென்று தனியாக ஆண்டுதோறும் நன்கொடை தர வேண்டும். முன்பு அதில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழிக்கலாம், 2018லிருந்து அதுவும் போயிற்று. இந்த ஆகஸ்டில் நியூ மெக்சிகோ ஆட்டம், செப்டம்பரில் சென்ட்ரல் மிச்சிகன் ஆட்டம், இரண்டையும் என்னால் போக முடியாமல் விற்றேன். போட்ட காசில் பாதிகூட வரவில்லை. அப்போது யாரும் வந்து "ஐயோ, நஷ்டமா?" என்று கேட்கவில்லை. சீசன் முழுக்க ரிஸ்க் என்னுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில்தான் ஒஹாயோ ஸ்டேட் இங்கே வருகிறது. அந்த ஒரு டிக்கெட்டை விற்றால்தான் மற்ற ஆட்டங்களுக்குக் கட்டுப்படி ஆகிறது.

குமரன், உங்கள் கேள்விக்கு: பொறுங்கள். சனிக்கிழமை பகல் 12 மணிக்குப் பிறகு கையில் இருக்கும் டிக்கெட் வெறும் காகிதம், இந்தக் காலத்தில் அதுகூட இல்லை. விற்பவனுக்கு வியாழன், வெள்ளியில்தான் வயிற்றைக் கலக்கும். வானிலை அறிக்கையில் பனி என்று வந்துவிட்டால் விலை இறங்கும்.

மணி டிராய் | நவம்பர் 24

சரி, உங்கள் கணக்கு புரிகிறது. ஆனால் யாருக்கு விற்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? ஆப் சட்டை நிறம் கேட்பதில்லை. உங்கள் இருக்கையில் ஒஹாயோ ஸ்டேட் ரசிகரின் சிவப்புச் சட்டை வந்து உட்காரும். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது நாம் ஒரு லட்சம் பேர் சேர்ந்து கத்துவது எதற்கு? ஆட்டத்தை நடத்தும் அவர்கள் குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கக்கூடாது என்றுதானே! அதில் பத்தாயிரம் தொண்டையை நீங்களே காசுக்கு விற்றால், அப்புறம் தோற்றுவிட்டோமே என்று திங்கட்கிழமை வந்து புலம்பக்கூடாது. 11 வருடம் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ரசிகரா, வியாபாரியா?

பக்கை அக்கா | நவம்பர் 24

சிவப்புச் சட்டை ஆஜர். 2023ல் ஆன் ஆர்பரில் இப்படி ஒரு சீசன் டிக்கெட்காரரின் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். இடம் பிரமாதம், நன்றி. 30-24 என்று தோற்றதால் நிம்மதியாகத் திரும்பிப் போகவிட்டார்கள்.

குமரன் தம்பி, புளூ அண்ணன் சொல்வதைக் கேட்டுப் பொறுக்காதீங்க. அவர் சொல்லும் கணக்கு சாதாரண ஆட்டத்துக்குச் சரி. இந்த வாரம் கதை வேறு. நாங்கள் 11 ஆட்டத்தில் தோல்வியே இல்லை (11-0), நாட்டில் முதலிடம். நீங்கள் ஒன்பதில் வெற்றி, இரண்டில் தோல்வி (9-2). 2021லிருந்து தொடர்ந்து நாலு வருடம் உங்களிடம் தோற்றிருக்கிறோம், போன வருடம் எங்கள் ஊரிலேயே 13-10. அந்த எரிச்சலில் இருப்பவர்கள் கொலம்பஸிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருவார்கள், பனியாவது மழையாவது. கடைசி நேரத்தில் ஒற்றை டிக்கெட் விலை குறையலாம். சேர்ந்தாற்போல் இரண்டு வேண்டும், கூட 69 வயது அப்பா என்றால் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். 2022 கொலம்பஸ் ஆட்டத்துக்கு ஆகஸ்டிலேயே ஒரு பெரிய தளத்தில் வாங்கினேன். மூன்று மாதம் "டிக்கெட் விரைவில் வரும்" என்றே இருந்தது. ஆட்டத்துக்கு முந்தின வியாழன், நன்றிப் பெருநாள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது மெயில்: விற்பனையாளரால் தர இயலவில்லை, பணம் திரும்ப வரும். பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பணத்துக்கு அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் பார்க்கிங்தான் கிடைத்திருக்கும். கையில் இல்லாத டிக்கெட்டை முன்கூட்டி விற்றுவிட்டு, விலை இறங்கும்போது வாங்கிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்த ஆள் அவன். விலை இறங்கவில்லை. அதனால் பட்டியலில் செக்‌ஷன், வரிசை இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும், உடனே மாற்றித் தரப்படும் என்று போட்டிருக்க வேண்டும். "ஏதோ ஒரு மேல் பகுதி" என்று பொதுவாக இருந்தால் தொடாதீங்க.

இப்சி ராஜா | நவம்பர் 24

கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதீங்க. அப்பாவுக்குக் கூட்டம்தானே பார்க்கணும்? 1975 நவம்பரிலிருந்து அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல்தான் (ஆளே விடாத 2020 கணக்கில் சேராது). சென்ட்ரல் மிச்சிகனை 63-3 என்று அடித்தார்களே, அதே கூட்டம், அதே ஸ்டேடியம், கால்வாசிக் காசு. அதற்குக் கூட்டிப்போயிருக்கலாமே?

கேன்டன் குமரன் | நவம்பர் 24

அப்பா வந்ததே அக்டோபர் கடைசியில். நவம்பர் 1 பர்டூ ஆட்டத்துக்குப் போகலாம் என்று இருந்தேன், அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சளி. இனி உள்ளூர் ஆட்டம் இது ஒன்றுதான்.

இதற்கிடையில் ஒரு ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் இரண்டு டிக்கெட் ஆளுக்கு 180 என்கிறார். ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி) பணம் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாராம். மாணவர் டிக்கெட்.

பழைய புளூ | நவம்பர் 24

வேண்டாம்.

மணி டிராய் | நவம்பர் 24

வேண்டவே வேண்டாம்.

பக்கை அக்கா | நவம்பர் 24

அடேயப்பா, இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போய்ட்டாங்க! தம்பி, ஸெல்லில் போன பணம் போனதுதான், வாங்குபவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டும் உதவாது. இப்போதெல்லாம் டிக்கெட் உங்கள் பெயருக்கே மாற்றப்பட்டு, உங்கள் ஃபோன் வாலட்டில் வந்து உட்கார வேண்டும். மாணவர் டிக்கெட் என்றால் இன்னொரு வம்பு: மாணவர் அல்லாதவர் பெரும்பாலும் வித்தியாசத் தொகை கட்டி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வாசலில் அப்பாவிடம் மாணவர் அட்டை கேட்டால் என்ன செய்வீங்க?

மணி டிராய் | நவம்பர் 25

அந்த விஷயத்தில் ஒத்துப்போனேன், அவ்வளவுதான். மறுபடி என் கேள்விக்கு வருகிறேன். 300 டாலரில் விற்பவனுக்கு ஒரு பங்கு, தளத்துக்கு ஒரு பங்கு. களத்தில் மண்டை உடைபடும் 20 வயதுப் பையனுக்கு என்ன?

பழைய புளூ | நவம்பர் 25

இந்த வருடம் முதல் அந்தக் கேள்விக்குப் பதில் மாறிவிட்டது சார். ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி பல்கலைக்கழகமே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் டிக்கெட்டிலிருந்தும் நன்கொடையிலிருந்தும்தான். பல்கலைக்கழகங்களும் இப்போது பெரிய ஆட்டத்துக்குத் தனி விலை, சின்ன ஆட்டத்துக்குத் தனி விலை என்றுதானே விற்கின்றன? அவர்கள் செய்தால் மேலாண்மை, நான் செய்தால் பிளாக்கா?

ரசிகனா வியாபாரியா என்றீர்கள். 2021ல் பனியில் 42-27 என்று ஜெயித்தபோது என் மகளோடு அங்கேதான் நின்றேன், விற்கவில்லை. இந்த முறை அவள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

மணி டிராய் | நவம்பர் 25

மகள் விஷயம் தெரியாது. அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போல ஒருவர் இரண்டு டிக்கெட்டை விற்பதும், மென்பொருள் வைத்து நூறு நூறாக வாரிக்கொண்டு போகிறவன் விற்பதும் ஒன்றல்ல. ஆப்பில் இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. குமரன் யாரிடம் வாங்குகிறார் என்று அவருக்கே தெரியாது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. 2016லேயே அந்த மென்பொருளுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, வந்து என்ன ஆயிற்று?

பக்கை அக்கா | நவம்பர் 25

ஒரு சட்டம் வேலை செய்திருக்கிறது, அதையும் சொல்லணும். மே 12லிருந்து கட்டணமெல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். முன்பெல்லாம் 210 என்று ஆசை காட்டி, கார்டு எண் போடும் கடைசிப் பக்கத்தில் 280 ஆக்குவார்கள். இப்போது நாலு தளத்தைத் திறந்துவைத்து ஒரே செக்‌ஷனை நேருக்கு நேர் ஒப்பிடலாம். தம்பி, அதைச் செய்யுங்க. ஒரே இருக்கையே இரண்டு தளத்தில் இரண்டு விலையில் இருக்கும்.

பழைய புளூ | நவம்பர் 25

இருக்கை தேர்வுக்கு ஒரு வார்த்தை. கீழ் வரிசை கிடைக்கிறது என்று கூடுதல் காசு கொடுக்காதீங்க. அந்த ஸ்டேடியம் ஒரு பெரிய சட்டி, சாய்வு குறைவு. முதல் சில வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களின் முதுகுதான் தெரியும். அறுபதாவது வரிசைக்கு மேல் ஆட்டம் முழுக்க விரிந்து தெரியும். மெயின் தெருப் பக்கமிருந்து பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று இருக்கும், பெரும்பகுதி தரைக்குக் கீழே இருப்பதால். உள்ளே நுழைந்து கீழே பார்க்கும்போது அப்பாவின் முகத்தைப் பாருங்கள். அப்புறம், டிக்கெட்டை வீட்டிலேயே வாலட்டில் ஏற்றிவிடுங்கள், வாசலில் சிக்னல் கிடைக்காது.

கேன்டன் குமரன் | நவம்பர் 26, புதன்

வாங்கிவிட்டேன். எழுபதுகளில் ஒரு வரிசை, ஆளுக்கு 285. ஒரு மணி நேரத்தில் ஃபோனுக்கு வந்துவிட்டது. பொறுத்திருந்தால் குறைந்திருக்குமோ என்று இனி ஆப்பைத் திறக்கப் போவதில்லை.

மணி சார், மன்னிச்சிடுங்க.

மணி டிராய் | நவம்பர் 26

அப்பாவுக்காக வாங்கினீங்க, நான் என்ன சொல்ல. கம்பளி உள்ளாடை போட்டு விடுங்கள். உலோக பெஞ்ச், சும்மா உட்கார்ந்தால் குளிர் எலும்பில் ஏறும்.

கேன்டன் குமரன் | நவம்பர் 30, ஞாயிறு

ஆட்டம் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். 27-9. அக்காவுக்கு வாழ்த்து.

அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில்தான் கவனித்தேன், அது நல்ல சிவப்பு. "ஏன்டா எல்லாரும் மொறைக்காங்க?" என்கிறார். பெஞ்சில் எண் எழுதிய இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. எல்லோரும் தடித்த கோட்டு போட்டிருந்ததால் எங்கள் வரிசையில் இரண்டு பேருக்கு இடமே இல்லாமல் சாய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும். முதலில் குல்லாயைப் பார்த்தார், அப்புறம் என்னிடம், "இங்கே உட்காரும் தம்பதி எங்கே? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 20 வருடமாகப் பக்கத்தில் உட்காருகிறார்களாம். தெரியாது, ஆன்லைனில் வாங்கினோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டாம் பாதியில் பனி கொட்ட ஆரம்பித்ததும் அந்தப் பெரியவர் பையிலிருந்து மிச்சிகன் நிறமான நீலத்தில் ஒரு குல்லாயை எடுத்து அப்பா தலையில் சிவப்பின் மேலேயே மாட்டிவிட்டார். அப்பா விதி தெரியாமலே அவரோடு சேர்ந்து கத்தினார். பெரும்பாலும் தப்பான நேரத்தில்.

பழைய புளூ | நவம்பர் 30

அந்தப் பெரியவர் பையா வைத்திருந்தார்? அங்கே பை விட மாட்டார்களே.

கேன்டன் குமரன் | நவம்பர் 30

கோட்டுப் பைதான் அண்ணா. சாக்கு மாதிரி இருந்தது. குல்லாயைத் திருப்பித் தரப் போனேன், வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அப்பா வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் டிவி பார்க்கிறார்.