மறு: ஜம்ப் ஜாக்கிக்குத் தமிழ்ல என்ன?

> "தடைதாண்டும் குதிரைவீரர்"னு வச்சாப் போதாதா? ஃபென்ஸ், ஹர்டில் ரெண்டும் தடைதானே.

போதாதுங்க ஐயா. ஜம்ப் ஜாக்கின்னா தடை தாண்டுற குதிரை ரேஸ்ல ஓட்டுறவர், அந்தத் தடையில ஃபென்ஸ், ஹர்டில்னு ரெண்டு வகை. குதிரைவீரர்னாலே கையில வேலோட போருக்குப் போறவர் மாதிரி இருக்கு, அது ஒருபக்கம் இருக்கட்டும். ஜம்ப் ஜாக்கியா இருந்து பின்னாடி டிரெயினரான பால் நிக்கோல்ஸ் பத்தி ஒரு பத்தி எழுதிப் பாருங்க, எங்க முட்டுதுன்னு தெரியும். இங்கிலாந்துல டேவிட் பேரன்ஸ் லாயத்துக்கு ஓட்டினவரு, நியூபரி மைதானத்துல நடக்குற ஹென்னஸி கோல்ட் கப் ரேஸ 1986ல பிராட்ஹீத்ங்கிற குதிரை மேல, 1987ல பிளேஸ்கூல் மேலன்னு அடுத்தடுத்து ஜெயிச்சாரு, மொத்தமே 130 சொச்சம் வெற்றிதான். தாண்டுற ரேஸ்ல குதிரை சுமக்கிற எடை வரம்பு, தடையே இல்லாத ஃபிளாட் ரேஸ விடத் தாராளம், குறைஞ்சபட்சமே 63 கிலோவுக்கு மேலதான், அப்படியும் அவர் உடம்புக்கு எடையக் கொறைக்கிறது பெரும்பாடா இருந்துருக்கு. 1989ல குதிரை உதைச்சு கால் முறிஞ்சுது, அதோட சரி, முப்பது வயசுகூட ஆகல.

அவர் ஜெயிச்ச ஹென்னஸி ஃபென்ஸ் ரேஸ். ஃபென்ஸ் நாலரை அடிக்குக் கொறையாது, குச்சிய நெருக்கிக் கட்டினது, மோசமா இடிச்சா குதிரை உருண்டுரும். ஹர்டில் மூணரை அடிதான், இடிச்சா சாஞ்சு குடுக்கும், குதிரை வேகம் கொறையாமப் போயிட்டே இருக்கும். இளங்குதிரைய ஹர்டில்ல ஓடவிட்டு அப்புறம் ஃபென்ஸுக்கு மாத்துறது அங்க சாதாரணம். ரெண்டுக்கும் "தடை"ன்னு வச்சா "தடையிலருந்து தடைக்கு மாத்தினாரு"ன்னா எழுதுறது?

என் பரிந்துரை: ஹர்டில் ரேஸ் தட்டியோட்டம், ஃபென்ஸ் ரேஸ் வேலியோட்டம், பொதுவா தாண்டோட்டம். ஹர்டில்ங்கிறதே அங்க ஆட்ட அடைக்க வளைச்சு வைக்கிற பின்னல் தட்டிதான், நம்மூர்ல கிடை போடுறவங்க படல்னும் சொல்வாங்க, அதனால இது ஒட்டவச்ச பேரு இல்ல. ஜாக்கிங்கிற சொல்ல அப்படியே விட்ருங்க, கிண்டில எல்லாரும் சொல்றதுதான். கார் டயர் மாத்துற ஜாக்கியோட யாரும் குழப்பிக்க மாட்டாங்க. ஆக, தாண்டோட்ட ஜாக்கி.

> அப்ப டிரெயினருக்கு? பழக்குநர்?

பழக்குறதுன்னா சேணம் போடாத குட்டிக்கு மொதல்ல சேணம் பழக்குறது, அது வேற வேலை. பயிற்சியாளர்னா கிரிக்கெட் கோச் வந்து நிப்பாரு. ரேஸ் டிரெயினர் பேர்லதான் லைசென்ஸ், தீனி, தினசரி ஓட்டம், எந்தக் குதிரைய எந்த ரேஸ்ல இறக்கணும், ஓனருக்குப் பதில் சொல்றது எல்லாம் அவர் தலையில. நிக்கோல்ஸ் 1991ல சாமர்செட்ல டிச்சீட் கிராமத்துல பால் பண்ணைக்காரர் பால் பார்பரோட லாயத்துல ஆரம்பிச்சாரு. அங்க பெரிய ஃபென்ஸ் ரேஸான செல்ட்னம் கோல்ட் கப்ல 2008ல டென்மன், கௌட்டோ ஸ்டார், நெப்டியூன் கொலாஞ்ஜ்னு மொத மூணு இடமும் அவர் குதிரைங்க, பிரிட்டன் சாம்பியன் டிரெயினர் பட்டம் 14 தடவை. நல்ல சொல் கிடைக்கிற வரைக்கும் டிரெயினர்னே எழுதலாங்கிறது என் கட்சி. லாயத்தலைவர்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க, சாமி.