இங்கிலாந்தின் காலை உணவும் பிற்பகல் தேநீரும்: எங்கே, எப்படி உண்பது?

கேள்வி: வைகறைப்பறவை

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் நானும் என் தாயாரும் இங்கிலாந்து செல்கிறோம். பெரும்பாலும் லண்டனில் தங்கி, பாத், யார்க் ஆகிய ஊர்களுக்கும் போய்வர எண்ணியிருக்கிறோம். அந்நாட்டு மக்கள் உண்ணும் முழுமையான காலை உணவையும், அடுக்குத் தட்டில் வைத்துத் தரும் பிற்பகல் தேநீரையும் முறையாக அனுபவிக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. அம்மா முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வார், ஆனால் இறைச்சியும் மீனும் தொடமாட்டார். எனக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை.

தங்கும் ஹோட்டலின் பஃபேயில் கிடைக்கும் காலை உணவே போதுமா, அல்லது வெளியே தேடிப் போக வேண்டுமா? பெரிய ஹோட்டல்களில் பிற்பகல் தேநீருக்கு ஒருவருக்கு 70, 80 பவுண்டு வரை ஆகும் என்கிறார்கள். அந்த விலைக்கு அது தகுமா? இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தேம்ஸ்கரை

வணக்கம் அம்மா. பல ஆண்டுகளாக லண்டனில் வாழ்பவன் என்ற முறையில், காலை உணவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஹோட்டல் பஃபேயை நம்ப வேண்டாம். முட்டையும் பேக்கன் என்ற உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டும் சூட்டுத் தட்டில் நெடுநேரம் கிடந்து வறண்டுவிடும். இந்த உணவின் உயிரே கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதில்தான் இருக்கிறது. அதற்கு உழைக்கும் மக்கள் உண்ணும் பழைய தெருமுனைக் கஃபேக்களே சிறந்த இடம். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் சாலையில் இருக்கும் 'இ. பெல்லிச்சி' 1900 முதல் ஒரே இத்தாலியக் குடும்பத்தின் கையில் நடந்துவருகிறது. அதன் உட்புற மரவேலைப்பாட்டின் அழகுக்காகவே அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய கடைகளில் இடம் குறைவு என்பதால் அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார நேரிடும். அதைத் தவிர்க்காதீர்கள், பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

தட்டில் என்னென்ன வரும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. பேக்கன் பன்றியின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது, அமெரிக்கர்கள் உண்ணும் மெல்லிய கொழுப்புக் கீற்றைவிடச் சதைப்பற்றானது. கொத்திய இறைச்சியை உறையில் அடைத்த சாசேஜும் வழக்கமாகப் பன்றி இறைச்சியே. அதில் மிளகு தூக்கலாக இருப்பது கம்பர்லாந்து வகை, சேஜ் இலை மணப்பது லிங்கன்ஷயர் வகை. பிளாக் புட்டிங் என்ற கரிய வட்டத் துண்டு பன்றியின் இரத்தத்தையும் கொழுப்பையும் ஓட்ஸ் அல்லது பார்லியோடு சேர்த்துச் செய்யப்படுவது. இவற்றோடு முட்டை, வாட்டிய தக்காளி, காளான், தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸ், டோஸ்ட் அல்லது பொரித்த ரொட்டி ஆகியவை இருக்கும். முதல் நாளில் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து வாட்டும் 'பபிள் அண்ட் ஸ்க்வீக்' கிடைக்கும் கடையாக இருந்தால் தவறாமல் கேட்டு வாங்குங்கள். என் கணிப்பில் அந்தத் தட்டிலேயே சுவையில் மேலானது அதுதான். பக்கத்தில் இருக்கும் எச்.பி. என்ற பழுப்புநிறச் சாஸையும் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். அதில் புளி சேர்வதால் நம் நாவுக்கு உடனே பழகிவிடும்.

தேநீரைப் பாலூற்றிய கடுந்தேநீராகக் கேளுங்கள். பழைய கஃபேக்கள் பல பிற்பகலிலேயே கதவை அடைத்துவிடும் என்பதால் காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது.

பதில் 2: மரக்கறியாள்

உங்கள் தாயாரை முன்னிட்டு இதை எழுதுகிறேன். நானும் சைவ உணவு உண்பவள்.

'வெஜிடேரியன் பிரேக்ஃபாஸ்ட்' இன்று ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் உண்டு. சைவ சாசேஜ், முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி என்று தட்டு நிறைந்தே வரும். ஆனால் பெயரைக் கேட்டு அமைதியடைந்துவிடக் கூடாது. பொரித்த ரொட்டியைப் பேக்கன் உருகிய கொழுப்பிலேயே பொரிக்கும் வழக்கம் உண்டு. காளானும் முட்டையும் இறைச்சி வாட்டிய அதே கல்லில் வெந்திருக்கலாம். ஆகவே ரொட்டியை டோஸ்டாகக் கேட்பதும், தனி வாணலியில் சமைக்க இயலுமா என்று விசாரிப்பதும் நல்லது. பரபரப்பான நேரத்தில் சிறு கடைகளால் அது முடியாமல் போகலாம். அப்போது அவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள் என்பதே என் அனுபவம்.

தேநீர் மேசையில் கவனிக்க வேண்டியது ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் உறையவைக்கும் பொருள். பழக்கூழ் அடுக்கிய சிறு கேக்குகளிலும், கிண்ணத்தில் வரும் மூஸ் வகைகளிலும் அது ஒளிந்திருக்கும். பிரித்தானியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும். மீனும் பாலும் முட்டையும் அந்தப் பட்டியலில் உள்ளன. விலங்குக் கொழுப்பும் ஜெலட்டினும் அதில் இல்லை. எனவே ஒவ்வாமை அட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காமல், முன்பதிவு செய்யும்போதே சைவத் தட்டு வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும், அதனுடன் தரும் கிளாட்டட் கிரீம் என்ற கெட்டியான பாலேடும் ஜாமும் பொதுவாக அம்மாவுக்குத் தடையின்றி ஏற்றவை.

பதில் 3: இலைக்கொழுந்து

பிற்பகல் தேநீர் 1840ஆம் ஆண்டை ஒட்டிப் பெட்ஃபர்டு சீமாட்டி அன்னாவால் நாகரிகமானது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. மேட்டுக்குடியினரின் இரவு உணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போன காலத்தில், இடைப்பட்ட பசிக்குத் தேநீரும் ரொட்டியும் வரவழைத்து, பிறகு தோழியரையும் உடன் அழைத்துக்கொண்டார் அவர். அதற்கு வெகு முன்பே, 1784இல் தேயிலை மீதான வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால்தான் தேநீர் எளியவர் வீட்டுக்கும் எட்டியது. தொழிலாளர் குடும்பங்கள் மாலையில் வேலை முடிந்துவந்து இறைச்சியோடு உண்ட 'ஹை டீ' வேறு. நீங்கள் கேட்க வேண்டியது 'ஆஃப்டர்நூன் டீ'.

அடுக்குத் தட்டைக் கீழிருந்து மேலாக உண்பது மரபு. முதலில் ஓரம் நீக்கிய விரல் நீளச் சாண்ட்விச்கள், அடுத்து வெதுவெதுப்பான ஸ்கோன், கடைசியில் கேக்குகள். வெள்ளரி சாண்ட்விச்சைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டிக்குள் அந்தக் குளிர்ச்சி தேநீருக்கு மிகவும் பொருந்தும்.

பைத்தேநீர் தரும் இடத்தில் பெருந்தொகை செலவிடுவதில் பொருளில்லை, இலைத்தேநீர் தருகிறார்களா என்று பாருங்கள். பெர்கமாட் என்ற நாரத்தை இனப் பழத்தின் மணமுள்ள எர்ல் கிரேயையும் டார்ஜிலிங்கையும் பால் சேர்க்காமல் குடிக்கலாம். பட்டியலில் இலங்கையின் டிம்புலா அல்லது நுவரெலியாத் தேயிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். என் பாட்டி அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர். அந்தத் தேயிலையின் பெருமையில் மலையகத் தமிழரின் உழைப்பும் இருக்கிறது.

விலை தகுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு முறை தகும். 1906இல் திறக்கப்பட்ட ரிட்ஸ் ஹோட்டலின் பாம் கோர்ட்டிலோ, 1707இல் தொடங்கிய ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையின் மேல்தளத்திலோ அம்மாவுடன் ஒரு பிற்பகல் அமர்வது நினைவில் நிற்கும். மற்ற நாள்களில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கஃபேக்குச் செல்லுங்கள். பீங்கான் பதித்த 19ஆம் நூற்றாண்டுக் கூடத்தில் ஸ்கோனும் தேநீரும் சாதாரண விலையில் கிடைக்கும். யார்க்கில் 'பெட்டீஸ்' என்ற தேநீரகம் உண்டு. 1919இல் சுவிஸ் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஹாரோகேட்டில் தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. வாசலில் வரிசை நீளமாக இருக்கும், காத்திருப்பது வீண்போகாது.

வைகறைப்பறவை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இலைக்கொழுந்து அவர்களே, தங்கள் பாட்டியைப் பற்றிப் படித்ததும் அம்மா நுவரெலியாத் தேநீர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரிட்ஸில் சேலை உடுத்திச் செல்லலாமா? ஒரே நாளில் இரண்டும் என்பது குறித்து யாரும் சொல்லவில்லையே?

பதில் 4: டெவன்வாசி

சேலை மிகவும் பொருத்தமான உடை. அங்கே ஜீன்ஸுக்கும் விளையாட்டுக் காலணிக்கும் அனுமதி இல்லை, ஆண்கள் மேலங்கி அணிய வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். முழுக் காலை உணவு மாலைவரை பசியெடுக்க விடாது, அடுக்குத் தட்டு இரவு உணவையே தேவையற்றதாக்கிவிடும். இரண்டில் ஒன்றைச் சுருக்க முடிந்தால் காலை உணவன்று மாலையில் 'கிரீம் டீ' மட்டும் கேளுங்கள். ஸ்கோன், கிளாட்டட் கிரீம், ஜாம், ஒரு குடுவைத் தேநீர், அவ்வளவுதான். செலவும் மிகக் குறைவு. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எங்கள் டெவன் மாவட்டத்தில் முதலில் கிரீம், அதன்மேல் ஜாம். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். குறைந்தது 55 விழுக்காடு கொழுப்புள்ள அந்தக் கெட்டியான கிரீமை வெண்ணெய் தடவுவதுபோல் முதலில் தடவுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிளந்து, பாதிப் பாதியாகத் தடவி உண்ணுங்கள்.

லண்டன் உணவகங்கள் பலவற்றில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் ரசீதிலேயே சேர்ந்து வரும். அது இருந்தால் தனியாக அன்பளிப்பு வைக்கத் தேவையில்லை. தெருமுனைக் கஃபேயில் அந்தக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது, அங்கே சில்லறையை விட்டுவருவது வழக்கம்.