18 எம்பி ஜேசன் பதிவிறக்கம், போடிமெட்டு மலை ஏறினால் அறுந்துபோகிறது

வணக்கம். போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறேன்; மொழி கோட்லின், சர்வரிலிருந்து தரவு வாங்க ரெட்ரோஃபிட், போனில் சேமிக்க ரூம். போடி, புற்றடி ஏல விலைகள் பழையதெல்லாம் சேர்ந்து ஒரே ஜேசனாக (எழுத்து வடிவத் தரவுக் கோப்பு) 18 எம்பி வருகிறது. சர்வர் எங்களுடையதில்லை, பக்கம் பிரித்துத் தர மறுத்துவிட்டார்கள்.

முதலில் 2 ஜிபி ரேம் போன்களில் மெமரி தீர்ந்து கிராஷ். செயலிக்குக் கூடுதல் மெமரி கேட்கும் லார்ஜ்ஹீப் போட்டேன், நாலு நாள்தான் தாங்கியது. பதிலை முழுதாக ஏற்றாமல் வரவர வாங்கும் ஸ்ட்ரீமிங் சேர்த்து, ஜேசன்ரீடரில் ஒவ்வொன்றாகப் படித்து, 500 வரிசைக்கு ஒருமுறை ரூமில் எழுதினேன். அப்போதும் விழுந்தது! சர்வர் போக்குவரத்தைப் பதிவு செய்யும் லாகிங் இன்டர்செப்டர் பாடி லெவலில் இருந்திருக்கிறது; அது முழுப் பதிலையும் மெமரியில் ஏற்றிவிடும். எடுத்ததும் கிராஷ் நின்றது.

மூன்று வாரமாக வேறு தொல்லை. போடிமெட்டு வழியாகப் பூப்பாறை போகிறவர்களுக்கு மலை வளைவில் சிக்னல் போய் டைம்அவுட், மறுபடி முதலிலிருந்து இறங்குகிறது. நேற்று ஒரு அண்ணன் போனைக் காட்டினார்: 73 சதவீதம், திரும்ப 0, பிறகு 41, திரும்ப 0. அன்றைய டேட்டா முழுக்க அதிலேயே போய்விட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ரீட் டைம்அவுட்டை 120 வினாடி ஆக்கினேன், பின்னணி வேலைகளை நடத்தும் ஒர்க்மேனேஜரில் ரீட்ரை வைத்தேன். குறிப்பிட்ட பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் ஹெடர் அனுப்பினால் 206 (பகுதிப் பதில்) வருவதில்லை, முழுப் பதிலுக்கான 200தான்.

சர்வரைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து பதிவிறக்கத்தைத் தொடர என்ன வழி?